பிரவீன் சித்ரவேலும் 17.37 மீட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்முறை தாண்டுதல் என்று பேச்செடுத்தால் பாதிப் பேர் "லாங் ஜம்ப்தானே அது?" என்கிறார்கள். மீதிப் பேர், "நம்ம ஊர்ப் பையன் ஒலிம்பிக்கில் ஏன் சொதப்பிவிட்டான்?" என்கிறார்கள். இரண்டுக்கும் வாயால் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். நான் பயிற்சியாளர் அல்ல. கல்லூரியில் படிக்கும்போது தாண்டிப் பார்த்தவன், இப்போது பார்க்க மட்டும் செய்பவன். இங்கே உள்ள கணக்குகள் 2025 செப்டம்பரில் நடந்த டோக்கியோ உலகத் தடகளப் போட்டி வரைக்குமானவை.

யார் இந்த பிரவீன் சித்ரவேல்?

மும்முறை தாண்டுதலில் இந்தியாவின் தேசிய சாதனையாளர், அந்தச் சாதனைத் தூரம்தான் 17.37 மீட்டர். 2001 ஜூன் 5 அன்று பிறந்தவர். காவிரி டெல்டாவில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். வெளியுலகுக்கு அவர் பெயர் முதலில் தெரிய வந்தது 2018இல், அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில். அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு வைத்திருந்தார்கள்: இரண்டு வெவ்வேறு நாட்களில் தாண்ட வேண்டும், இரண்டு நாளிலும் தாண்டிய சிறந்த தூரங்களைக் கூட்டித்தான் வரிசை. பிரவீனின் கூட்டுத்தொகை 31.52 மீட்டர், வெண்கலம். அப்போது அவருக்கு 17 வயது. ஒரு நாளைக்கு 16 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்கு வருகிறது. ஐந்து வருடத்துக்குள் அதே பையன் 17.37 தாண்டினார். இந்த விளையாட்டில் ஒன்றரை மீட்டர் என்பது பள்ளி மைதானத்துக்கும் உலக மைதானத்துக்கும் உள்ள தூரம்.

சரி, இது நீளம் தாண்டுதல் மாதிரிதானே?

ஓட்டம், பலகை, மணல் எல்லாம் அதே மாதிரிதான். நடுவில் நடப்பதுதான் வேறு. பலகையில் ஊன்றிய அதே காலிலேயே முதலில் இறங்க வேண்டும், அது ஹாப். அங்கிருந்து எழும்பி மற்றக் காலில் இறங்க வேண்டும், அது ஸ்டெப். அதற்குப் பிறகுதான் மணலுக்குள் தாவல், அது ஜம்ப். அதாவது இடது, இடது, வலது, மணல். இல்லாவிட்டால் வலது, வலது, இடது, மணல். கால் மாறிவிட்டால் ஃபவுல்.

ஆண்கள் போட்டியில் பலகைக்கும் மணற்குழிக்கும் இடையே 13 மீட்டர் இருக்கும். என் சொந்தக் கதையைச் சொன்னால் இந்த 13 மீட்டர் புரியும். கல்லூரியில் என் சிறந்த தாண்டல் 12.60தான். பெரிய போட்டிக்கான பலகையில் நான் தாண்டினால் மணல் வரைக்கும் போய்ச் சேர மாட்டேன், ஓடுபாதையிலேயே உட்கார வேண்டியதுதான். எங்கள் பி.டி. சார் எனக்காக 11 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுப்பார். "லேடீஸ் போர்டுடா" என்று பசங்கள் கிண்டல் செய்வார்கள். பெண்களுக்கான சர்வதேச அளவு உண்மையிலேயே 11 மீட்டர்தான்.

17.37 மீட்டர் என்பது கண்ணுக்கு எவ்வளவு?

ஒரு டவுன் பஸ் 11, 12 மீட்டர் நீளம் இருக்கும். ஒன்றரை பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றே எட்டில். முன்னணி வீரர்கள் பொதுவாகப் பிரித்துக்கொள்ளும் விகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஹாப் ஆறு மீட்டருக்கு மேல், ஸ்டெப் ஐந்தைத் தாண்டி, ஜம்ப் ஏறக்குறைய ஆறு. இது பொதுக் கணக்கு, பிரவீனின் தாண்டலை டேப் வைத்துத் துண்டுபோட்டு அளந்தது அல்ல.

பாருங்கள், நடுவில் உள்ள ஸ்டெப்தான் எல்லோருக்கும் குட்டையாக வரும். முதல் தாவலில் உயரம் போனவர் இறங்கும்போது உடம்பின் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான விசை ஒரே காலில் வந்து உட்காருகிறது. அந்தக் கால் மடங்காமல் அப்படியே தட்டி எழும்ப வேண்டும். சுமாரான ஆட்களுக்கு அந்த இடத்தில் ஸ்டெப் செத்துப்போகும், ஒரு சின்ன எட்டு வைத்துவிட்டு மணலைப் பார்த்து ஓடுவது போல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், அந்த நடு எட்டில் ஆள் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறார் என்று பாருங்கள். நல்லவர்களிடம் அந்த இடத்தில் ஒரு நிதானம் தெரியும்.

சாதனையைக் கியூபாவில் போய் ஏன் செய்தார்?

2023 மே 6, தலைநகர் ஹவானா. கியூபாவுக்கு அவர் போனது பயிற்சிக்காக. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யோவாண்ட்ரி பெட்டான்சோஸ், கியூபாக்காரர், 2003, 2005 உலகப் போட்டிகள் இரண்டிலும் வெள்ளி வென்றவர். கியூபாவுக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரே ஒரு தகவல் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினின் ஜோர்டான் டியாஸ் தங்கம், போர்ச்சுகலின் பெட்ரோ பிச்சார்டோ வெள்ளி, இத்தாலியின் ஆண்டி டியாஸ் வெண்கலம். மேடையில் ஏறியது மூன்று நாட்டுக் கொடிகள், ஆனால் மூன்று பேரும் பிறந்தது கியூபாவில். மும்முறை தாண்டுதல் கற்றுக்கொள்ள அங்கே போவது, கர்நாடக சங்கீதம் கற்க மயிலாப்பூருக்கு வருவது மாதிரி.

ஹவானாவில் ஐந்தாவது முயற்சியில் 17.37 வந்தது. அதற்கு முன்னால் தேசிய சாதனை கேரளத்தின் ரஞ்சித் மகேஸ்வரி 2016இல் பெங்களூருவில் தாண்டிய 17.30. ஏழு சென்டிமீட்டர் கூடியது.

பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் காற்று. பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனையாக எழுத மாட்டார்கள். அதற்குக் கீழே இருந்தால் சாதகம்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிரவீனுக்கு அன்று வீசியது எதிர்க்காற்று, வினாடிக்கு 1.5 மீட்டர். சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே தாண்டலுக்குக் காற்று முதுகில் கை வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. விளையாட்டில் அந்த மாதிரிக் கணக்குக்கு மார்க் கிடையாது என்பது தெரிந்தும்தான்.

அப்படியானால் 17.37 தற்செயலா? ஒரு நாள் அதிர்ஷ்டமா?

2023இல் இப்படிக் கேட்டவர்களுக்கு 2025 ஏப்ரலில் கொச்சியில் பதில் கிடைத்தது. ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் மறுபடியும் 17.37. அதே எண், ஒரு சென்டிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு கண்டம், இரண்டு வருட இடைவெளி, ஒரே தூரம். ஆக, அந்தத் தூரம் அவர் உடம்பில் இருக்கிறது. எப்போது வெளியே வரும் என்பதுதான் கேள்வி.

17.37 தாண்டியவருக்கு பாரிஸ் ஒலிம்பிக் நேரடியாகக் கிடைக்கவில்லையாமே?

ஆமாம், இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. பாரிஸுக்கு நேரடித் தகுதித் தூரம் 17.22. ஆனால் அதைத் தாண்ட வேண்டிய காலம் 2023 ஜூலை 1இல்தான் தொடங்கியது. பிரவீன் தாண்டியது மே 6. ஏறக்குறைய எட்டு வாரம் முந்திவிட்டார். கையில் தேர்வுக்கான விடை இருக்கிறது, ஆனால் தேர்வு இன்னும் தொடங்கவில்லை என்பது போல. ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிக்கு மொத்தம் 32 இடம். தகுதித் தூரத்தைத் தாண்டியவர்கள் போக மீதி இடங்களை உலகத் தரவரிசைப்படி நிரப்புவார்கள். பிரவீனும் கேரளத்தின் அப்துல்லா அபூபக்கரும் அந்த வழியாகத்தான் பாரிஸ் போனார்கள்.

அங்கே என்ன ஆயிற்று?

தகுதிச் சுற்றில் 16.25. 27ஆவது இடம். இறுதிச் சுற்று இல்லை.

பெரிய போட்டி என்றால் தூரம் குறைந்துவிடுகிறதே, ஏன்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். கேட்கும் தொனிதான் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்: 16.89, நான்காவது இடம். 2023 பிப்ரவரி, அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கப் போட்டி: 16.98, வெள்ளி. அதே ஆண்டு ஆகஸ்ட், புடாபெஸ்ட் உலகப் போட்டி: 16.38, தகுதிச் சுற்றோடு சரி. அக்டோபர், ஹாங்சோ ஆசிய விளையாட்டு: 16.68, வெண்கலம். 2024 பாரிஸ்: 16.25. 2025 மே, தென் கொரியாவின் குமி நகரில் ஆசியத் தடகளம்: 16.90, வெள்ளி. செப்டம்பர், டோக்கியோ உலகப் போட்டி: 16.74, 15ஆவது இடம்.

இதில் என் கண்ணுக்கு ஒரு கோடு தெரிகிறது. நேராக இறுதிப் போட்டி நடக்கும் ஆசிய, காமன்வெல்த் களங்களில் ஏறக்குறைய 16.70இலிருந்து 17 வரை வந்துவிடுகிறது. தகுதிச் சுற்று என்று ஒன்று இருக்கும் இடங்களில்தான் விழுகிறது. தகுதிச் சுற்றில் ஒருவருக்கு மூன்றே முயற்சி. முதல் 12 பேருக்குள் வந்தால் அடுத்த சுற்று. ஹவானாவில் சாதனை வந்தது ஐந்தாவது முயற்சியில் என்று மேலே சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஐந்தாவது முயற்சி என்று ஒன்றே கிடையாது. ஓட்டத்தைச் சரிசெய்து, பலகையைப் பிடித்து, உடம்பு சூடாகி, நான்கு ஐந்தில் வெடிக்கிற ஆளுக்கு அந்த அமைப்பு எமன். முதல் தாண்டலையே 17க்குப் பக்கத்தில் வைக்கிறவருக்கு அது சாதாரணம். உலகத்தின் முதல் எட்டுப் பேருக்கும் அடுத்த இருபது பேருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். எவ்வளவு தாண்ட முடியும் என்பதைவிட, கூப்பிட்டவுடன் எவ்வளவு தாண்ட முடியும் என்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதனைத் தூரத்தைப் பெரிய போட்டியில் யாரும் அப்படியே கொண்டுவருவதில்லை. பர்மிங்ஹாமில் கேரளத்தின் எல்தோஸ் பால் தங்கம் வென்றது 17.03இல், அப்துல்லா அபூபக்கருக்கு வெள்ளி 17.02இல். ஒரே ஒரு சென்டிமீட்டர்! வெண்கலம் பெர்முடா வீரருக்கு 16.92இல் போனது, பிரவீன் அதற்கு மூன்று சென்டிமீட்டர் பின்னால். இந்தியா மூன்று பதக்கத்தையும் அள்ளியிருக்க வேண்டிய நாள் அது. மூன்று சென்டிமீட்டர் என்பது மணலில் இடுப்பு விழுவதா குதிகால் விழுவதா என்கிற வித்தியாசம். அந்தப் போட்டியை இரண்டு பேரின் வெற்றியாக எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு நான்காவது ஆள்தான் ஞாபகத்தில் நிற்கிறார்.

ஃபவுல் என்று அடிக்கடி சிவப்புக் கொடி காட்டுகிறார்களே, அதைக் கவனித்துத் தாண்டக்கூடாதா?

கவனித்துத் தாண்டினால் தூரம் வராது, அதுதான் சிக்கல். ஏறக்குறைய 40 மீட்டர் ஓடி வருகிறார்கள். பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். அளப்பது பலகையின் மணல் பக்க ஓரத்திலிருந்து. கால் 15 சென்டிமீட்டர் முன்னாலேயே ஊன்றிவிட்டால் அந்த 15 போச்சு. கோட்டைத் தாண்டிவிட்டால் எல்லாமே போச்சு. பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினால் வேகம் செத்துவிடும். அதனால் ஓடுபாதையின் ஓரத்தில் அடையாளத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு வருவது போல வர வேண்டும். காற்று கொஞ்சம் மாறினாலும் எட்டு நீண்டுவிடும், குறுகிவிடும்.

முன்பெல்லாம் பலகைக்கு அப்பால் களிமண் மாதிரி பிளாஸ்டிசின் வைத்திருப்பார்கள், அதில் ஷூ தடம் விழுந்தால் ஃபவுல். இப்போது பெரிய போட்டிகளில் கேமரா பார்க்கிறது. ஷூ முனை கோட்டின் மேலாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தாலே ஃபவுல். பழைய ஆட்கள் இதைத் திட்டுவார்கள்.

இது காலை உடைக்கிற விளையாட்டு என்கிறார்களே?

உடைக்கிறதோ இல்லையோ, ஒரு நொடியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். இரண்டு பையன்களின் கதை சொல்கிறேன். இரண்டுக்கும் இடையில் 75 வருடம்.

ஜமைக்காவின் ஜேடன் ஹிப்பர்ட் 2005இல் பிறந்தவர். 17 வயதில், 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 17.27 தாண்டித் தங்கம். அடுத்த மே மாதம் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் 17.87. அந்த வயதில் அதுவரை யாரும் தாண்டாத தூரம். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் 17.70, எல்லோருக்கும் முதல். இறுதிப் போட்டியில் தங்கம் போனது 17.64க்கு. ஹிப்பர்ட்? முதல் முயற்சியிலேயே தொடைத் தசை போய்விட்டது. ஒரு தூரம்கூடப் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு பாரிஸில் திரும்பி வந்து 17.61 தாண்டினார். வெண்கலத்துக்கு மூன்று சென்டிமீட்டர் குறைவு, நான்காவது இடம். மறுபடியும் அந்த மூன்று சென்டிமீட்டர்!

இன்னொருவர் நம் நாட்டுக்காரர். ஹென்றி ரிபெல்லோ, 1948 லண்டன் ஒலிம்பிக், வயது 19. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக். பதக்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். இறுதிச் சுற்றில் அவர் தாண்டத் தயாராகும்போது வேறொரு போட்டியின் பரிசளிப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். உடம்பு ஆறிப்போனது. பிறகு கூப்பிட்டதும் ஓடித் தாண்டினார், தொடைத் தசை கிழிந்தது. அவருடைய ஒலிம்பிக் அதோடு முடிந்தது. வெயிலில் காத்திருந்து உடம்பு ஆறிப்போகிற கஷ்டம் மாவட்டப் போட்டியில் தாண்டிய எந்தப் பையனுக்கும் தெரியும். சிறப்பு விருந்தினர் வந்து மைக்கைப் பிடித்துவிட்டால் போதும்.

கேரளாவில் இவ்வளவு பேர், தமிழ்நாட்டில் பிரவீன் மட்டும்தானா?

இல்லை. கேரளத்தின் பட்டியல் நீளம் என்பது உண்மை: ரஞ்சித், எல்தோஸ், அப்துல்லா. உலகப் போட்டியில் மும்முறை தாண்டுதல் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் இந்தியர் எல்தோஸ்தான், 2022இல். ஆனால் ஹிப்பர்ட் தங்கம் வென்ற அதே காலி போட்டியில் வெள்ளி யாருக்கு என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். மதுரைப் பையன் செல்வ பிரபு திருமாறனுக்கு, 16.15 மீட்டர். ஜமைக்காக்காரர் ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் இருந்தார் என்பது வேறு விஷயம். உலக மேடையில் இரண்டாவது, அதுவும் வைகைக்கரையிலிருந்து. செய்தித்தாளில் அது வந்த இடத்தின் அளவைப் பார்த்து அன்று எனக்குக் கோபம் வந்தது.

என் பையனுக்கு 12 வயது, நன்றாகத் தாவுகிறான். இதில் சேர்க்கலாமா?

தடகளத்தில் சேருங்கள். மும்முறை தாண்டுதலில் இப்போதே வேண்டாம். அந்த வயதில் ஓட்டம், நீளம் தாண்டுதல், தடை ஓட்டம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். பத்து மடங்கு விசை என்று மேலே சொன்னேனே, வளர்கிற முழங்காலுக்கு அது ஆகாது. மண் தரையிலோ புல்லிலோ நொண்டி விளையாடட்டும். கேலி இல்லை, ஹாப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நம் வீட்டுப் பெண்கள் பாண்டி ஆடிப் பழகிய கால், எங்கள் கல்லூரியில் பையன்களைவிடச் சீக்கிரம் ஸ்டெப்பைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கே. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நான் போடவில்லை. பின்னாளில் ஒரு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது மழையில் நனைந்த இரண்டு காகிதம்தான் மிச்சம் இருந்தது.

பிரவீன் 18 மீட்டர் தாண்டுவாரா?

இதை ஆசையில் கேட்கிறார்கள். உலக சாதனை, பிரிட்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1995 ஆகஸ்டில் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் தாண்டிய 18.29. முப்பது வருடமாக அப்படியே இருக்கிறது. ஆசிய சாதனை சீனாவின் லி யான்சி 2009இல் தாண்டிய 17.59. பிரவீனுக்கு அது 22 சென்டிமீட்டர் தூரத்தில். அடுத்த படி அதுதான், 18 அல்ல.

என்னைக் கேட்டால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. ஏதாவது ஒரு உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், முதல் முயற்சியில், வெள்ளைக் கொடியோடு ஒரு 17.00. அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம்.